படித்துக்கொண்டே ஸ்டார்ட்அப் தொடங்கலாமா? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் படிக்கும்போதே சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கேள்விகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். ஆனால் பல பதில்களில் ஒரே அளவுகோல் திரும்பத் திரும்ப வரும்: உங்களை முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் செய்து கொடுத்ததற்குப் பணம் தந்தாரா? மாணவப் பருவத்தில் பாராட்டும் சான்றிதழும் தாராளமாகக் கிடைக்கும். அவற்றையெல்லாம் விட இந்த ஒரு கேள்வியின் பதிலைத்தான் நான் நம்புகிறேன்.

ஐடியா எதுவும் தோன்றவில்லை. அப்படியும் தொடங்க முடியுமா?

முடியும். 2005-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும், கைபேசியிலிருந்து சாப்பாடு ஆர்டர் செய்யும் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, புது நிறுவனங்களுக்குத் தொடக்கப் பணமும் வழிகாட்டலும் தரும் ஒய் காம்பினேட்டரிடம் போனார்கள். திட்டம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் ஆட்களைப் பிடித்துப்போனதால், வேறு ஏதாவது செய்வதாக இருந்தால் வாருங்கள் என்று மறுபடி கூப்பிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரெடிட். முதல் ஐடியாவுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு பெரும்பாலும் அதிகம்.

சரி, எங்கே தேடுவது? தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி, அனுபவமுள்ள 27 நிறுவனர்களிடம் ஒரே சிக்கலைக் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். இலக்கை முதலில் வைத்துக்கொண்டு அதற்கான வழியைத் தேடுவதை விட, கையில் இருப்பதிலிருந்து புறப்படுவதையே அவர்களில் பெரும்பாலோர் செய்தார்கள். நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்ற மூன்று கேள்விகள்தான் அவர்களுடைய தொடக்கம். ஒரு தாளை எடுத்து இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாணவர்கள் பெரும்பாலும் மாணவர்களின் பிரச்சினைகளையே எடுக்கிறார்கள்: நோட்ஸ் பகிரும் ஆப், பழைய புத்தகம் விற்கும் தளம், கல்லூரி நிகழ்ச்சிகளுக்கான ஆப். பிரச்சினை உண்மைதான். ஆனால் அதற்காகப் பணம் கொடுக்கும் நிலையில் மாணவர்கள் இருப்பதில்லை. வளாகத்துக்கு வெளியே, சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் அன்றாடத்தைப் பாருங்கள். ஆய்வகக் கருவி காட்டும் எண்களைக் கையால் எழுதி, அப்புறம் கணினியில் ஏற்றும் உதவியாளர். நோயாளிகளின் நேரத்தை மாற்றி மாற்றிக் குறிக்கும் வரவேற்பாளர். ஒரே கணக்கை மூன்று எக்செல் கோப்புகளில் வைத்திருக்கும் சிறு நிறுவனம். யாரோ ஒருவர் ஒரு குறையைச் சமாளிக்க ஏற்கெனவே நேரத்தையோ பணத்தையோ செலவிடுகிறார் என்றால், அங்கே வேலை இருக்கிறது. பகுதி நேர வேலையும் இன்டர்ன்ஷிப்பும் இதைப் பார்க்க மிக நல்ல இடங்கள்.

தொழில்முனைவை வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியுமா?

பாதியைக் கற்றுக்கொள்ளலாம். கணக்கு வைப்பது, ஒப்பந்தம் படிப்பது, பங்குகளின் கணக்கு, விற்பனை வரி இதெல்லாம் வகுப்பில் கற்க வேண்டியவைதான். நேரம் கிடைத்தால் கணக்கியல் பாடம் ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்பது புரியாமல் தடுமாறும் மாணவ நிறுவனர்கள் நிறைய.

மீதிப் பாதி செய்து பார்த்தால்தான் வரும், நல்ல பாடத்திட்டங்களும் இதை ஒப்புக்கொள்கின்றன. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, கல்லூரி தரும் சிறு கடனில் உண்மையான வியாபாரம் ஒன்றை நடத்தினார்கள். பல நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியரான ஸ்டீவ் பிளாங்க் 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வகுப்பில், மாணவர்கள் ஒவ்வொரு வாரமும் வாடிக்கையாளர்களை நேரில் சந்தித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வர வேண்டும். அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தொடங்கிய ஐ-கார்ப்ஸ் பயிற்சி இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஏழு வாரத்தில் நூறு பேரைச் சந்திப்பது அங்கே வழக்கம். உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு பாடம் இல்லாவிட்டால் நீங்களே வாரத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு செமஸ்டரில் அது பெரிய எண்ணிக்கை.

நண்பர்கள் எல்லோரும் ஐடியா பிரமாதம் என்கிறார்கள். அது போதாதா?

போதாது. நண்பர்கள் உங்களுக்காகச் சொல்கிறார்கள். சிபி இன்சைட்ஸ் நிறுவனம் 2014-இல், மூடப்பட்ட 101 ஸ்டார்ட்அப்களின் நிறுவனர்கள் எழுதிய காரணங்களைத் தொகுத்தது. அவற்றில் 42 சதவீதம் பேர் சொன்ன காரணம், அந்தப் பொருள் சந்தைக்குத் தேவைப்படவில்லை என்பது. நிச்சயம் அவர்களுடைய நண்பர்களும் பிரமாதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தெரியாதவர்களிடம் பேசும்போதும் கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார். வருங்காலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக இந்தச் சிக்கல் எப்போது வந்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு செலவானது? வேறு வழி தேடினீர்களா? தேடவே இல்லை என்றால், அந்தச் சிக்கல் அவருக்கு அவ்வளவு பெரிதாக உறுத்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் திட்டத்தைப் பற்றி முதல் பத்து நிமிடம் வாயே திறக்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் திறந்துவிட்டால் அதன்பின் நீங்கள் கேட்பதெல்லாம் உங்களைப் பற்றிய அபிப்பிராயம்தான்.

இதில் மாணவர்களுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. “நான் மாணவன், இந்தத் துறையைப் புரிந்துகொள்ள முயல்கிறேன், பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” என்று எழுதினால், விற்பனைக்காரரிடம் பேசாத மேலாளர்கள்கூடப் பதில் போடுவார்கள். படிப்பு முடிந்ததும் இந்தக் கதவு பாதி மூடிவிடும். இருக்கும்போதே பயன்படுத்துங்கள்.

பேச்சின் முடிவில் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்: இன்னொருவரின் அறிமுகம், அவருடைய அலுவலகத்தில் ஒரு வாரச் சோதனை, முன்பணம். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

எனக்கு கோடிங் தெரியாது. ஆப் செய்து தர ஆளும் இல்லை. என்ன செய்வது?

முதலில் ஆப் தேவையா என்று பாருங்கள். முதல் பத்து வாடிக்கையாளர்களுக்கான வேலையை ஒரு படிவம், ஒரு எக்செல் கோப்பு, ஒரு தொலைபேசி இவற்றைக் கொண்டு நீங்களே கையால் செய்து கொடுக்க முடியும். அலுப்பான வேலைதான். ஆனால் எந்தப் படி மெதுவாகிறது, எங்கே தவறு வருகிறது என்பது உடம்பிலேயே ஏறிவிடும். பிறகு மென்பொருள் எழுதுபவரிடம் என்ன கேட்பது என்று தெளிவாகத் தெரியும்.

முழுப் பொருளையும் கட்டாமலேயே ஆர்வத்தை அளக்கவும் முடியும். ட்ரூ ஹியூஸ்டன் 2008-இல், கோப்புகளை இணையத்தில் சேமித்து எல்லாக் கணினிகளிலும் திறக்க உதவும் ட்ராப்பாக்ஸ் எப்படி வேலை செய்யும் என்பதைக் காட்டும் ஒரு சிறு காணொளியை வெளியிட்டார். பொதுமக்கள் பயன்படுத்தும் நிலைக்குப் பொருள் இன்னும் வரவில்லை. காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000-இலிருந்து 75,000 ஆனது.

கோடிங் கொஞ்சமாவது கற்றுக்கொள்வது நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் உதவியோடு ஒரு மாதிரியை உருவாக்குவது இன்று எளிது. இதனால் ஒரு புதுச் சிக்கலும் வந்திருக்கிறது: கட்டுவது எளிதானதால், யாரிடமும் பேசாமல் கட்டிக்கொண்டே போகிறார்கள்.

ஐடியாவை யாராவது திருடிவிட்டால்?

அநேகமாக யாரும் திருட மாட்டார்கள். அவரவர் வேலையே அவரவருக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. மறைத்து வைப்பதால் கிடைக்காமல் போகும் கருத்துகளின் இழப்புதான் பெரிது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பு, புது வேதிப்பொருள், புதுக் கருவி போன்ற காப்புரிமைக்குரிய விஷயம் என்றால், விண்ணப்பிக்கும் முன் வெளியில் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்குப் பொதுவாக அப்படி ஒரு அவகாசம் கிடையாது. மாநாட்டில் ஒட்டிய போஸ்டரும், இணையத்தில் ஏற்றிய ஆய்வேடும் வெளியீடாகவே கருதப்படும். பட்டத்துக்காக அவசரமாகச் சமர்ப்பித்துவிட்டுப் பிறகு வருந்துவது ஆராய்ச்சி மாணவர்களிடம் நடக்கிறது. கல்லூரியின் காப்புரிமை அலுவலகத்திடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கல்லூரியில் செய்த புராஜெக்டை நிறுவனமாக்கினால், அதில் கல்லூரிக்குப் பங்கு உண்டா?

கல்லூரியின் விதியைப் பொறுத்தது, அதனால் அந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாகப் பார்க்க வேண்டியவை: சம்பளமோ உதவித்தொகையோ வாங்கிக்கொண்டு செய்த ஆராய்ச்சியா, ஆய்வகக் கருவிகளைப் பயன்படுத்தினீர்களா, வெளி நிறுவனம் பணம் கொடுத்த புராஜெக்டா, பேராசிரியரின் பங்களிப்பு என்ன? சொந்த மடிக்கணினியில் சொந்த நேரத்தில் செய்ததற்குப் பெரும்பாலும் சிக்கல் வராது.

கல்லூரிக்குப் பங்கு போவது கெட்ட செய்தி என்றும் நினைக்க வேண்டாம். லாரி பேஜ் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது உருவான பேஜ்ரேங்க் (கூகுள் தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறை) காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கே சொந்தமானது. கூகுள் அதற்கு உரிமம் பெற்று, பதிலாகப் பங்குகளைக் கொடுத்தது. 2005-க்குள் அந்தப் பங்குகளை விற்றதில் ஸ்டான்ஃபோர்டுக்கு 33.6 கோடி டாலர் கிடைத்தது. கூகுளின் வளர்ச்சிக்கு இதனால் எந்தத் தடையும் வரவில்லை. தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் முக்கியம்.

யாரோடு சேர்ந்து தொடங்குவது? பங்கை எப்படிப் பிரிப்பது?

நெருங்கிய நண்பர் என்பது மட்டும் தகுதி ஆகாது. முதலில் ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்து பாருங்கள்: ஒரு வாரயிறுதிப் போட்டி, ஒரு சிறு ஆர்டர், ஒரு செமஸ்டர் புராஜெக்ட். தேர்வு நெருக்கும்போது யார் சொன்ன வேலையை முடிக்கிறார், யார் காணாமல் போகிறார், கருத்து வேறுபட்டால் எப்படிப் பேசுகிறார் என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே துறை, ஒரே திறமை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஒருவர் செய்ய, ஒருவர் விற்க முடிந்தால் நல்லது. விற்பதற்கு யாருமே முன்வராத குழுக்களைத்தான் கல்லூரிகளில் அதிகம் பார்க்கிறேன்.

பங்கைப் பற்றி முதல் மாதத்திலேயே பேசுங்கள். ஸ்னாப்சாட்டின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் உடனிருந்த மூன்றாவது நண்பர், மறைந்துவிடும் படங்கள் என்ற யோசனை தன்னுடையது என்று வழக்குத் தொடுத்தார். 2014-இல் நிறுவனம் அவருடன் சமரசம் செய்துகொண்டது, தொகை 15.75 கோடி டாலர். மாணவர் அறையில் நாலு வரி எழுதாமல் விட்டதன் விலை சில சமயம் இப்படி ஏறிவிடும்.

சம பங்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எப்படிப் பிரித்தாலும் வெஸ்டிங் கட்டாயம் வேண்டும். அதாவது, பங்கு முழுவதும் முதல் நாளே கைக்கு வராது, காலப்போக்கில் சேரும். வழக்கமான ஏற்பாடு நான்கு ஆண்டு. முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது, முடிந்ததும் கால் பங்கு, பிறகு மாதாமாதம் கொஞ்சம். மாணவர்களுக்கு இது மற்றவர்களை விட அவசியம். ஏனென்றால் உங்கள் குழுவில் யாரோ ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், ஒருவருக்கு நல்ல வேலை கிடைக்கும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று மாதம் உழைத்துவிட்டுப் போனவரிடம் மூன்றில் ஒரு பங்கு நிரந்தரமாக இருந்தால், பின்னால் எந்த முதலீட்டாளரும் தயங்குவார், மிச்சம் இருப்பவர்களுக்கும் மனம் கசக்கும்.

படிப்பு முடிந்ததும் யார் முழு நேரமாக வருவார்கள் என்பதையும் அப்போதே எழுதுங்கள். கூச்சமாக இருக்கும். இருந்தாலும் பேசுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது?

முதலில் வாடிக்கையாளரிடம். மைக்கேல் டெல் 1984-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் 1,000 டாலர் முதலோடு கணினிகளை மேம்படுத்தி விற்றார். ஆர்டர் வந்த பிறகு செய்து கொடுப்பதுதான் அவருடைய முறை.

அடுத்தது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம்: கல்லூரியின் மானியம், இன்குபேட்டர் (புது நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் தரும் மையம்) தரும் தொகை, போட்டிப் பரிசு. சர்வர் வசதி, மென்பொருள் உரிமம், ஆய்வகம் எனப் பணமாக வராத உதவிகளும் மாணவர்களுக்கு ஏராளம். முதலீட்டாளர் கடைசி. முதலீடு வாங்கினால் வேகமாக வளர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமையும் சேர்ந்து வரும், எல்லா வியாபாரத்துக்கும் அது பொருந்தாது. அப்படியே வாங்கினாலும், இப்போது பணம் வாங்கிக்கொண்டு பங்கைப் பின்னால் கொடுக்கும், ஒய் காம்பினேட்டர் 2013-இல் அறிமுகப்படுத்திய சேஃப் போன்ற ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முன், எத்தனை சதவீதம் கைவிட்டுப் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடன் வாங்கித் தொடங்காதீர்கள். கல்விக் கடனை இதில் போடவே போடாதீர்கள்.

பிட்ச் போட்டிகளில் (நடுவர்கள் முன் ஐடியாவைச் சொல்லும் போட்டிகள்) தொடர்ந்து பரிசு வாங்குகிறோம். சரியான பாதையில் போகிறோமா?

நன்றாகப் பேசுகிறீர்கள் என்பது உறுதி. பேச்சு உதவும், பரிசுத் தொகையும் உதவும். ஆனால் நடுவர்கள் உங்கள் பொருளை வாங்கப் போவதில்லை. ஒரு போட்டிக்குத் தயாராகும் இரண்டு வாரத்தில் எத்தனை வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும்.

மேடைக்காக எண்களை ஊதிச் சொல்லும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது 19 வயதில் எலிசபெத் ஹோம்ஸ் 2003-இல் தொடங்கிய தெரனோஸ், செய்ய முடியாத இரத்தப் பரிசோதனையைச் செய்ய முடியும் என்று சொல்லி வளர்ந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022-இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. பதிவு செய்தவர்களைப் பயனாளர் என்பதும், பேச்சுவார்த்தையில் இருப்பவரை வாடிக்கையாளர் என்பதும் சிறிய அளவில் அதே பழக்கம்தான்.

விலை வைக்கக் கூச்சமாக இருக்கிறது. கொஞ்ச நாள் இலவசமாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். சிறு தொகையாவது கேளுங்கள். இலவசம் என்றால் எல்லோரும் வாங்குவார்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

நிறுவனத்தை எப்போது பதிவு செய்ய வேண்டும்?

பெயர், லோகோ, பதிவு என்று தொடங்குவது ஏதோ நடந்துவிட்டது போன்ற திருப்தியைத் தரும். பதிவு செய்த நாளிலிருந்து ஆண்டுக் கணக்கு, வரித் தாக்கல் என்று செலவும் வேலையும் கூடவே வரும். வெளியாரிடம் ஒப்பந்தம் போட வேண்டிய நிலை, முதலீடு அல்லது மானியம் வாங்க வேண்டிய நிலை, ஏதாவது தவறினால் உங்கள் சொந்தப் பணத்துக்குப் பாதிப்பு வரக்கூடிய வேலை, இவற்றில் ஒன்று வந்ததும் பதிவு செய்யுங்கள். உணவு, மருத்துவம், பிறர் பணத்தைக் கையாள்வது போன்றவற்றில் முதல் விற்பனைக்கு முன்பே உரிமம் தேவைப்படலாம், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வேறு நாட்டில் மாணவர் விசாவில் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதும், அதில் வேலை செய்வதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. முதலாவது அனுமதிக்கப்படும் பல இடங்களில் இரண்டாவதற்குத் தடை உண்டு. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு பில்கூடப் போடாதீர்கள்.

படிப்பை விட்டுவிடலாமா? பில் கேட்ஸும் மார்க் ஸக்கர்பெர்க்கும் விட்டவர்கள்தானே?

இருவரும் கிளம்பும்போது விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போனார்கள். திரும்பிப் போகும் வழி திறந்தே இருந்தது. கிளம்பிய நேரத்தில் மைக்ரோசாஃப்டுக்கு வாடிக்கையாளர் இருந்தார், ஃபேஸ்புக்கைப் பல கல்லூரிகள் பயன்படுத்திக்கொண்டிருந்தன. வளர்ந்துகொண்டிருந்த ஒன்றுக்கு நேரம் போதாமல் போனார்கள். வளரும் என்ற நம்பிக்கையில் போகவில்லை.

பியர் அசூலேயும் மற்ற மூவரும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவைக் கொண்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனம் தொடங்குபவர்களின் சராசரி வயது 42 என்று கண்டார்கள். மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களை எடுத்தால் 45. உங்களுக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது. இருபது வயதில் கட்டாயம் நடக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

முதலீட்டாளர் பீட்டர் தீல் 2011-இல் தொடங்கிய உதவித்தொகை, படிப்பை நிறுத்துபவர்களுக்கு 1,00,000 டாலர் கொடுத்தது. அதைப் பெற்ற டிலன் ஃபீல்ட் 2012-இல் தொடங்கிய ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள், எல்லோருக்கும் திறக்கப்பட்டது 2016-இல். பணமும் முழு நேரமும் இருந்தும் நான்கு ஆண்டு. படிப்பை விட்டால் ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்ற கணக்கோடு யாரும் விட வேண்டாம்.

என் கருத்து இது: பணம் தரும் வாடிக்கையாளர்கள் இருந்து, அவர்களுக்குச் செய்து கொடுக்க நேரம் இல்லாமல், வேறு வழியும் இல்லை என்றால் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

தேர்வு, அரியர், புராஜெக்ட் எல்லாவற்றோடும் இதை எப்படிச் சமாளிப்பது?

கல்லூரி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துத் திட்டம் போடுங்கள். தேர்வு வாரங்களில் நிறுவன வேலை கிடையாது என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் காணாமல் போனால்தான் கோபம் வரும். விடுமுறையில் கடினமான கட்டுமான வேலை, செமஸ்டரில் சந்திப்பும் விற்பனையும் என்று பிரிப்பது பலருக்குப் பொருந்துகிறது. இறுதியாண்டு ஆய்வேட்டின் தலைப்பை இதோடு சேர்த்துக்கொள்ள வழிகாட்டி சம்மதித்தால் பாதிப் பாரம் குறையும். ஆனால் உரிமை பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

தூக்கத்தைக் குறைத்து இதைச் செய்யாதீர்கள். ஸ்டார்ட்அப் என்றால் தூங்காமல் உழைப்பது என்று நம்ப வைக்கும் பேச்சை நான் வெறுக்கிறேன்; எத்தனையோ நல்ல பிள்ளைகள் அதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் பயப்படுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

கனவைச் சொல்லாதீர்கள், எல்லையைச் சொல்லுங்கள். எவ்வளவு பணம் போனால் தாங்கும், எவ்வளவு காலம், மதிப்பெண் எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று மூன்று எண்களை எழுதிக் காட்டுங்கள். சரஸ்வதி பேசிய அந்த நிறுவனர்களும் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதற்கு முன், எவ்வளவு இழக்கலாம் என்றுதான் முடிவு செய்தார்கள். பெற்றோரின் பயம் பெரும்பாலும் எல்லை தெரியாத பயம். எல்லையைக் காட்டினால், முழு மனதாக இல்லாவிட்டாலும் சம்மதிப்பார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வீட்டில் காட்டிய அந்த எல்லைகளில் ஒன்றைத் தொட்டதும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு முழு செமஸ்டர் முயன்றும் தெரியாதவர் ஒருவர்கூடப் பணம் தரவில்லை என்றால், பொருளையோ வாடிக்கையாளரையோ மாற்றுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் மூடலாம்.

மூடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முன்பணம் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். பயனாளர்களின் தரவை அவர்களிடம் கொடுத்துவிட்டு உங்கள் பக்கம் அழித்துவிடுங்கள். பதிவு செய்த நிறுவனம் என்றால் முறைப்படி கலைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் தாக்கல் செய்யாத ஆண்டுகளுக்கு அபராதம் ஏறும். எழுதிய நிரலையும் இணையதளப் பெயரையும் யார் வைத்துக்கொள்வது, குழுவில் ஒருவர் பின்னால் தனியாகத் தொடர விரும்பினால் என்ன ஏற்பாடு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். உங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பேசியவர்களுக்கு, என்ன நடந்தது என்று நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்த முறை நீங்கள் எழுதும்போது அவர்கள் பதில் போடுவார்கள்.